முதல் கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அப்படி வைக்கிற பெயர் என்றைக்காவது ஒருநாள் முகத்துக்கு நேராக வந்துதானே தீரும். தேநீர் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் வாய்தவறி, “இது கத்தரிக்கு, சர்க்கரை கம்மி” என்று சொல்லிவிட்டாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று கண்ணும் கருத்துமாக வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். பெயருக்குரியவளே சிரித்துவிட்டதால் எல்லோருக்கும் உயிர் வந்தது. அன்றிலிருந்து அது ஊரறிந்த பட்டமாகிவிட்டது.

பட்டம் பொருத்தமானதுதான். ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் தொகுப்புப் பிரிவு முழுவதும் அவள் ஒருத்திதான். பெரிய பெரிய வித்வான்களின் கச்சேரிகளை எடுத்து, சாஸ்திரிய சங்கீதம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் கேட்கிற மாதிரி வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. பாடகர் தொண்டையைச் செருமுவது போகும். பக்கவாத்தியக்காரர் ஆணி திருகி சுருதி சேர்ப்பது போகும். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தம்புரா மட்டும் தனியாக மீட்டப்படும் இடம் எல்லாவற்றுக்கும் முதலில் போகும். அதைக் காலி இடம் என்பாள் அவள். புதிதாகக் கேட்கிறவன் தட்டு ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்காரனிடம் சண்டைக்குப் போய்விடுவானாம். ஆலாபனையில் முக்கால்வாசி போகும். கைதட்டலும் போகும். கடைசியில் ஒரு கை அள்ளுகிற அளவு சங்கீதம் மிஞ்சும்.

அந்தத் துண்டு முடிகிற இடத்தில் பாட்டு முடிந்திருக்காது. அங்கேதான் அவள் கைவண்ணம். சத்தத்தை இழை இழையாக இறக்கி, எந்த நொடியில் இல்லாமல் போனது என்று யாருமே சொல்ல முடியாதபடி கரைத்துவிடுவாள். பிறகு சின்ன மௌனம், அடுத்த பாட்டு. அந்தக் கரைசலில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. தொகுப்பு வரிசைக்கு ‘முதல் கேள்வி’ என்று பெயர் வைத்தவளும் அவளே. கேள்வி ஞானம் என்கிறோமே, அந்தக் கேள்வி. பெயரைப் பார்த்து இது ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற சமாசாரம் என்று வாங்கிப்போய் ஏமாந்தவர்களும் இருந்தார்கள்.

இந்த வேலையை மனப்பூர்வமாகத் திட்டுகிற ஒரே ஆள் ஒலிப்பதிவாளர். கல்லுளிமங்கன். சங்கீதத்துக்குள் வருகிறவனை முழுக் கச்சேரியில்தான் உட்கார வைக்க வேண்டும், பிடித்தால் இருக்கட்டும், பிடிக்காவிட்டால் எழுந்து போகட்டும் என்பது அவர் கட்சி. அவரிடம் வேலை பழக வந்த மூன்று பேரை அப்படி உட்கார வைத்தார். மூவரும் எழுந்து போனார்கள். ஒருவர் வேலையையே விட்டுவிட்டுப் போனார். அதைச் சொல்லிக்காட்டினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளோ சின்ன வயதில் துணிக்கடை வாசலில் நின்றபடி யாரோ தொகுத்த ஓர் ஒலிநாடாவில் இரண்டே நிமிடம் கேட்ட வயலினால் இந்தப் பக்கம் வந்தவள். துண்டு என்பது வாசல், வாசலே இல்லாத வீட்டுக்குள் எவன் வருவான் என்று கேட்பாள். இருவருமே தங்கள் வாழ்க்கையைத்தான் வாதமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வருஷக்கணக்கில் பேசியும் யாரும் யாரையும் அசைக்க முடியவில்லை.

அவள் வீட்டில் யாருக்கும் இந்தச் சங்கீதம் ஆகாது. அப்பா அம்மா இருந்தபோது அவள் பாட்டுப் போட்டால் கதவைச் சாத்தச் சொல்வார்கள். தம்பி ஒருபடி மேலே போய், யாருக்கோ பல்வலி போலிருக்கிறது என்பான். தம்பி பஸ் டிரைவர். வழியில் நாய் நின்றாலும் நிலா நின்றாலும் ஹாரன் அடிப்பான் என்பதால் டிப்போவில் அவனுக்கு ஹாரன் என்றே பெயர். அக்காவும் தம்பியும் பட்டப்பெயர் வாங்குவதில் மட்டும் ஒரே ராசி.

போன வருஷம் அவனுக்கு இடது காது போனது. முதலில் அதற்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஒரு வாரம் கூவிவிட்டு, காதும் விசிலும் சேர்ந்தே அடங்கின. சின்ன வயதில் கணக்கு வாத்தியார் பிடித்துத் திருகிய காது, அப்போதே லூசாகியிருக்கும் என்று சொல்லி அவனே சிரித்தான். டிப்போவில் சிரிக்கவில்லை. ஒற்றைக் காதுக்காரன் கையில் பஸ்ஸைத் தர முடியாது என்று சொல்லி, பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் பரிசோதனை மேல் பரிசோதனை. காது நரம்பே செத்துக்கொண்டு வருகிறது, வலதும் அதே வழியில் போகும், காதில் மாட்டுகிற கருவி எதுவும் இதற்கு உதவாது என்று டாக்டர் சொன்னார். எப்போது என்று தம்பி கேட்டான். சில மாதம் தாங்கலாம், ஒரே காலையிலும் போகலாம் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சிலேயே முள் முளைத்துவிட்டது. ‘காதில் போட்டு வை’ என்று சொல்ல வாயெடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. ‘காது குடுத்துக் கேளு’, ‘காதுலயே வாங்க மாட்டியா’ என்று எத்தனை காதுகளை நாம் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரைப் பார்த்த மறுநாள் மாலை அவன் அவள் வீட்டுக்கு வந்தான். சமையலறை மேசையில், வலது காது அவள் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நீ இருபது வருஷமா எதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியணும். காது இருக்கும்போதே.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அடுப்பில் இல்லாத பாத்திரத்தைக் கிளறப் போனவள்போல முதுகைக் காட்டி நின்றாள். ஏன்டா இத்தனை நாள் கழித்து என்று சண்டை போட வேண்டும்போல இருந்தது. சினிமாப் பாட்டெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது, காது போனாலும் உள்ளே ஓடும், இது மட்டும்தான் உள்ளே இல்லை, அக்காவுடையது ஒன்றும் தன்னிடம் இல்லாமல் போய்விடும் என்று அவன் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஒலிப்பதிவாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அலமாரியைக் காட்டினார். அதில் ஒரு கச்சேரி இருந்தது. மறைந்துபோன ஒரு பாடகி, குரல் கனிந்த வயதில், ஒரு மழைநாளில், பாதி காலியாக இருந்த அரங்கத்தில் பாடியது. கத்தரிக்கு உலகத்திலேயே பிடித்த ஒலிப்பதிவு அது. அவள் அதிலிருந்தும் துண்டு வெட்டியிருக்கிறாள்.

“நேரம் இல்லாதவனுக்கு முழுசா குடு. நேரம் இருக்கிறவன் துண்டு துண்டா கேக்கட்டும்” என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வந்து யோசித்தாள். தம்பிக்குப் பொறுமை கிடையாது. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பவன். அவனை அந்தக் கச்சேரிக்கு முன்னால் உட்கார வைத்தால், பாடகி வாயைத் திறப்பதற்குள் அவன் கொட்டாவி விட வாயைத் திறந்துவிடுவான். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. இருக்கிற நாள் கொஞ்சம், அதில் அவன் ஒருமுறை மிரண்டு போனால் மறுபடி வரமாட்டான். ஊருக்கெல்லாம் வாசல் கட்டிக் கொடுத்தவள் சொந்தத் தம்பிக்குக் கட்டாமல் விடுவாளா? அவனுக்கென்றே தனியாக ஒரு ‘முதல் கேள்வி’ தயாரித்தாள். அத்தனை அக்கறையாக அவள் எதையும் வெட்டியதில்லை. மூன்றாவதாக, அந்த மழைநாள் கச்சேரியிலிருந்து குரல் மேலே மேலே ஏறுகிற ஒரு இடத்தை வைத்தாள். உச்சியைத் தொடுகிற சமயம் கரைத்தாள்.

அதை ஒரு சின்னப் பிளேயரில் போட்டு, இயர்போனோடு கொடுத்தாள். மூன்றாம் நாள் மதியம் டிப்போவிலிருந்து போன் வந்தது. பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிற இரைச்சல். தம்பியின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“அக்கா, போயிடுச்சு.”

“எது?”

“காது. இப்பதான். கேட்டுட்டே இருந்தேன், கொஞ்சம் கொஞ்சமா தூரமாப் போயி, ஒண்ணுமில்லாம போயிடுச்சு. நான் உடனே இதைக் கழட்டிட்டேன்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பேசறது கேக்குதா?”

மறுமுனையில் தண்ணீர் மட்டும் பீய்ச்சியது.

“கேக்குது” என்றான் அவன்.

அப்புறம் இருவரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருக்கும். அது காது இல்லைடா, நான்தான், அது என் வேலை என்று அவள் சொன்னாள். சத்தம் அடங்கினால் பதறாதே, அது அப்படித்தான் அடங்கும், கழற்றாமல் சும்மா இரு, அடுத்தது தானாக வரும் என்று புரியவைத்தாள். அவன் சரி சரி என்றான். அவள் போனை வைத்தாள். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது அவன் அந்த மரணபயத்தை ஒரு மிடறு குடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாக் கரைசலையும் மாற்றிவிடலாமா என்று நினைத்தாள். வேண்டாம், பழகிவிடுவான் என்று விட்டுவிட்டாள்.

பழகினான். அதுதான் வினை. ஒரு மாதத்தில் ஆளே மாறிப்போனான். பாட்டுகளுக்குப் பெயர் தெரியாததால் பஸ் ரூட் மாதிரி நம்பர் சொல்வான். ஒன்றாம் நம்பர் வளைவு அதிகம். ஐந்தாம் நம்பர் நல்ல வேகம், ஆனால் கூட்டம் ஜாஸ்தி. மூன்றாம் நம்பரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். சாப்பிடும்போதும் அதையே முனகுகிறார், சோறு எந்த வாயில் போகிறது என்றே தெரிவதில்லை என்று அவன் மனைவி போன் பண்ணிக் குறைப்பட்டாள். குறையிலும் சந்தோஷம் இருந்தது. கத்தரிக்கோ தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக அவள் வெட்டியதை வீட்டு மனிதர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இவன் கேட்கிறான், ரசிக்கிறான். நான் சொல்லவில்லையா என்கிற பார்வையோடு ஒலிப்பதிவாளரைக் கடந்து போனாள்.

ஒருநாள் தம்பி ஒரு கேள்வி கேட்டான்.

“மூணாம் நம்பர் மேல ஏறிப் போகுதில்ல, அதுக்கப்புறம் என்ன ஆகுது?”

“அப்புறம் இன்னும் நிறைய இருக்கு.”

“அதானே. நீ பாதி வழியில இறக்கி விட்டுடறே அக்கா. ஒண்ணுமே டெர்மினஸ் போய்ச் சேர மாட்டேங்குது. நான் இப்படி வண்டி ஓட்டியிருந்தா அடி விழுந்திருக்கும்.”

முழுசும் கொடு என்றான். அவள் அவசரப்படாதே என்றாள். இன்னொரு தொகுப்பு தருகிறேன், அதைக் கேட்டுப் பழகு, அதற்குப் பிறகு முழுக் கச்சேரி, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும் என்றாள். அதற்கு அவள் வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் நல்ல நியாயங்கள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்தது வேறு. அவன் பாராட்டு அவளுக்கு இனித்தது. இன்னொரு கரண்டி வேண்டும்போல இருந்தது. முழுக் கச்சேரியைக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் பாராட்டெல்லாம் அந்தப் பாடகிக்குப் போய்விடும். இது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே உட்கார்ந்து இரண்டாவது தொகுப்பை வெட்டினாள்.

இரண்டாவது தொகுப்பு முடிந்து கொஞ்ச நாளில் தம்பி மனைவியிடமிருந்து மறுபடி போன். இந்த முறை குறை இல்லை, குரல் மட்டும் தணிந்திருந்தது. “அண்ணி, நேத்திலேர்ந்து எது சொன்னாலும் என்னன்னு ரெண்டு தரம் கேக்கறார். டிவி சத்தத்தை ஏத்தி வைக்கறார். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க” என்றாள்.

கத்தரி அன்றே ஒலிப்பதிவாளர் முன்னால் போய் நின்றாள். என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அந்த மழைநாள் கச்சேரியை முழுசாகப் பிளேயரில் ஏற்றினார். காதை முழுக்க மூடுகிற தன் பெரிய ஹெட்போனையும் கழற்றிக் கொடுத்தார். அதை அவர் தன் மனைவிக்குக்கூடக் கொடுத்ததில்லை என்று பேச்சு. நான் அன்றே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவற்றைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், சேர்ந்து கேட்போம், அதுவரை தொடாதே என்றாள். கூடவே உட்கார்ந்து, எங்கே எது வரும் என்று சொல்ல ஆசை. அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

“எடுத்ததும் பாட ஆரம்பிச்சுடுவாங்களா?”

“இல்ல. இது முழுசு. முதல்ல தம்புரா மட்டும்தான். அப்புறம் எப்ப அவங்களுக்குத் தோணுதோ அப்பதான் வாயைத் திறப்பாங்க. ஹாரன் அடிச்சுத் தொலைக்காதே. பொறுமையா இரு.”

“தம்புரான்னா எப்படிக் கேக்கும்?”

இத்தனை பாட்டுக் கேட்டும் அவனுக்குத் தம்புரா தெரியாது. பாட்டுக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தனியாக அது கேட்கிற ஒவ்வொரு இடத்தையும் அவள்தான் வெட்டி எறிந்திருந்தாள்.

“ம்ம்ம்னு ஒரே மாதிரி, நிக்கவே நிக்காது. வெளியேர்ந்து வர்ற மாதிரியே இருக்காது. உன் காதுக்குள்ளயே சுத்தற மாதிரி இருக்கும்” என்றாள்.

அவன் ‘ம்ம்ம்’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது, கீழே மாடிப்படி அருகில் தம்பி மனைவி கடைப் பைகளோடு வந்துகொண்டிருந்தாள். ஒரு பையை இவள் வாங்கிக்கொண்டாள். அவருக்குப் பொறுக்கவில்லையாம், நீங்கள் வருவதற்குள் ஆரம்பத்தை மட்டும் கேட்டு வைக்கிறேன், வெறும் தம்புராதானே என்று சொல்லி, நான் கிளம்பும்போதே அதைத் தலையில் மாட்டிக்கொண்டார் என்று படியேறியபடியே அவள் சொன்னாள். நேற்று எப்படி என்று இவள் கேட்டாள். நேற்று பரவாயில்லை, ஒரே தரத்தில் பதில் சொன்னார் என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

தம்பி மனைவி சாவி போட்டுத் திறந்தாள். கதவைத் திறந்ததுமே கத்தரிக்கு அந்தக் குரல் கேட்டது. ஹெட்போனின் ஓரத்திலிருந்து சன்னமாகக் கசிந்து கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அந்த ஹெட்போனிலிருந்து வெளியே கேட்கிறதென்றால் உள்ளே எத்தனை சத்தம் இருக்கும். ஆலாபனை முக்கால்வாசி தாண்டிவிட்டது. பாடகி உச்சஸ்தாயிக்குக் கிளம்பிவிட்டாள். அடப்பாவி, என்னை விட்டுவிட்டு இத்தனை தூரம் போய்விட்டாயா என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பி மனைவி பைகளோடு சமையலறைக்குள் போனாள்.

தம்பி ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படியொரு அமைதி. நிழல் விழுந்ததும் கண்ணைத் திறந்தான், சிரித்தான், வலது பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினான். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரும் பேசுவதுபோலவே உரக்கப் பேசினான்.

“வா வா. நீ சொன்ன மாதிரியேதான். தம்புரா மட்டும்தான் இன்னும்.”

அவள் உட்கார்ந்தாள். அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று.

“முதல்ல ரொம்ப லேசா இருந்தது. முழுசா ஏத்தி வச்சுட்டேன். இப்ப நல்லாக் கேக்குது” என்றான். “எவ்வளவு நல்லா இருக்கு இது. அப்படியே காதுக்குள்ளயே சுத்துது. இதையா அக்கா வெட்டி எறிஞ்சே?”

குரல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நம்பர். அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முனகுகிற அதே இடம். ஹெட்போன் அதிர அதிர அது அவன் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் தலை அசையவில்லை. விரலில் ஓர் அசைவு இல்லை. அவன் வேறெதையோ, மிகவும் மரியாதையாக, கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“அவங்க ஆரம்பிச்சதும் கைய அமுக்கு. நான் அசந்துட்டேன்னா போச்சு. அவசரமில்ல, எப்ப வேணா ஆரம்பிக்கட்டும். நான் இருக்கேன்.”

மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

கத்தரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமுக்கினால் பொய். அமுக்காவிட்டாலும் பொய். எழுந்துபோய் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் என்ன நின்றுவிடப் போகிறது? அவனுக்குள் ஓடுவது, வலது காதிலும் வந்துவிட்ட அந்த விசில், நிற்காது. குரல் உச்சியைத் தொட்டது. இங்கேதான் அவள் கரைப்பாள். இப்போது கரைப்பதற்கு யாருமில்லை. குரல் அந்த இடத்தைத் தாண்டிப் போனது. மேலேயே கொஞ்ச நேரம் தனியாக நின்றது. பிறகு ஒரு பெருமூச்சோடு படிப்படியாக இறங்கி, எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே வந்து அமர்ந்தது. வயலின் அதைக் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கித் தன் பக்கத்தைச் சொல்லத் தொடங்கியது. அதுக்கப்புறம் என்ன ஆகுது என்று அவன் கேட்டதற்குப் பதில் இதுதான். எத்தனையோ தரம் கேட்டிருந்தும், இன்று அவளால் அதைத் தாங்க முடியவில்லை. இதை அவனிடம் வராமல் வைத்திருந்தது தன் கைதான் என்று நினைத்தாள். அந்தக் கையைத்தான் அவன் நம்பிப் பிடித்திருந்தான்.

தன்னையறியாமல் அவள் விரல்கள் நடுங்கின. அதை அவன் சைகை என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. சட்டென்று முகம் மலர்ந்து, கழுத்தை நீட்டி, கூர்ந்து கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டான். மலர்ச்சி மெல்ல வடிந்தது. கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு காது போனதிலிருந்து முகங்களைப் படிக்கப் பழகியவன் அவன். அவளால் முகத்தை மறைக்க முடியவில்லை.

அவன் கையை விட்டான். ஹெட்போனை இரண்டு கையாலும் தூக்கித் தலையிலிருந்து எடுத்தான். வயலின் கூடத்தில் பளிச்சென்று ஒலித்தது. சமையலறையிலிருந்து அவன் மனைவி, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன் என்றாள். அவன் திரும்பவில்லை. ஹெட்போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கவனித்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். மறுபடி எடுத்தான். எடுத்து மடியில் வைத்த பிறகும் அவனுடைய தம்புரா நிற்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவன் ஜன்னலை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தன் குரல் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று தெரியாதவனாக, மிகவும் மெதுவாகக் கேட்டான்.

“அவங்க ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு அக்கா?”